விசிட் விசா முடியப் போகிறது, கையில் காசும் இல்லையா? டெல்டாவிலிருந்து போனவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி, பாபநாசம் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார். கம்பெனி விசாவில் போனவர்களுக்கு விசா விஷயத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். விசிட்டில் போனவர்களுக்கு அப்படி யாரும் கிடையாது. வேலை தேடிப் போன தம்பி, மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன அம்மா, மச்சான் கூப்பிட்டாரென்று போன மாப்பிள்ளை ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாள் நெருங்குகிறது, இன்னும் கொஞ்ச நாள் இருந்தாக வேண்டும், கொண்டுபோன பணமோ கரைந்துவிட்டது என்ற நிலையில் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

விசா முடிவதற்கு முன்னால் செய்கிற எந்த வேலைக்கும் செலவு குறைவு, முடிந்த பிறகு செய்கிற எல்லாவற்றுக்கும் செலவு அதிகம். அதனால் கையில் காசு குறைவாக உள்ளவர்தான் எல்லாரையும் விட முன்னதாக இறங்க வேண்டும். ஆனால் நடப்பது தலைகீழ். காசு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி நாள் வரை இழுத்து, அபராதம் ஏறிய பிறகுதான் ஊருக்குப் போன் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் வேலை, தேதியைச் சரியாகப் பார்ப்பது

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். துபாய் விசா என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். விசா கொடுத்த தேதி ஒன்று, எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது இன்னொன்று, நுழைந்த பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்பது மூன்றாவது. விசா கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் உள்ளே போக வேண்டும் என்றால் 60 நாள் தங்கலாம் என்று பொருள் இல்லை. தங்கும் நாள் 30 என்று போட்டிருந்தால், விமான நிலையத்தில் இறங்கிய நாளிலிருந்து கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் துபாயில் விசிட் விசா முடிந்த பிறகு 10 நாள் சலுகை இருந்தது. இப்போது அது கிடையாது. பழைய ஆட்கள் இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நம்பிவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதே இல்லை. எத்தனை நாள் தங்கலாம், கடைசி நாள் எது என்ற விவரம் மின்னஞ்சலில்தான் வரும். வருகை அட்டையை உங்களுக்காக நிரப்பியவர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டிருந்தால் விவரம் அவருக்குத்தான் போயிருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி மகளைப் பார்க்கப் போன அம்மாக்கள் நிறைய பேர் கடைசி நாள் எதுவென்றே தெரியாமல் இருக்கிறார்கள். மருமகனிடம் கேட்டு அந்த மின்னஞ்சலை எடுத்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், ஐசிஏ என்று சொல்லும் அங்கத்திய குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். விசா எத்தனை வருடத்துக்கு இருந்தாலும் சரி, ஒரு தடவைக்கு எத்தனை நாள் என்பதை அந்த மின்னஞ்சல்தான் சொல்லும்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம், 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த 30 நாளில் இறங்கிய நாளும் சேர்த்தி என்றே வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

தேதி தெரிந்ததும் அதற்கு 10 நாள் முந்தைய தேதியைப் போனில் அலாரமாக வையுங்கள், வீட்டில் ஒருவரையும் வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் நீட்டிப்பு கேட்கும்போது சிக்கல் வரலாம். வெளிநாட்டில் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நாளாகும். கிளம்புவதற்கு முன்பே தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் முடித்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

அடுத்தது கணக்கு

ஒரு தாளில் மூன்று தொகையை எழுதுங்கள். நீட்டிப்புக்கு மொத்தமாக எவ்வளவு ஆகும், அந்தக் கூடுதல் நாளுக்குச் சாப்பாடும் படுக்கையும் எவ்வளவு, இன்றைக்கே டிக்கெட் எடுத்தால் திருச்சிக்கு எவ்வளவு. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதோடு வைத்துப் பாருங்கள்.

துபாயையே எடுத்துக்கொள்வோம். 30 நாள் நீட்டிப்புக்கு அரசுக் கட்டணம் 600 திர்ஹாமைச் சுற்றி இருக்கும், அதற்கு மேல் வாட், சேவைக் கட்டணம், ஏஜென்சி கமிஷன் என்று ஏறும். துபாயின் தேரா பகுதியில் பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு படுக்கை, மாதம் 700 என்றும் சாப்பாடு 500 என்றும் வைத்துக்கொண்டாலே மொத்தம் 1,800 திர்ஹாமைத் தாண்டுகிறது. அந்த ஒரு மாதத்தில் வேலை உறுதியாகக் கிடைக்கும், ஆஃபர் லெட்டர் கையில் வந்துவிட்டது என்றால் இந்தச் செலவில் அர்த்தம் உண்டு. இன்டர்வியூவே இன்னும் வரவில்லை, யாரோ சொல்லிவைத்திருக்கிறார் என்ற நிலையில் இருந்தால் ஊருக்கு வந்துவிட்டு மறுபடி போவதே பல நேரங்களில் மிச்சம். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் வெறுங்கையோடு வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருக்கிறது. ஊர் இரண்டு நாள் பேசும். கடன் வட்டியோடு வருஷக்கணக்கில் நிற்கும்.

ரிட்டர்ன் டிக்கெட் ஏற்கெனவே இருந்தால், தேதி மாற்ற எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்னால் மாற்றினால் கட்டணத்தோடு போகும், தவறவிட்டுவிட்டால் மலிவு விமானங்களில் பெரும்பாலும் டிக்கெட்டே போய்விடும். திருச்சியிலிருந்து இந்த நாடுகளுக்கெல்லாம் நேரடி விமானம் உண்டு என்பதால் சென்னை வழியாக வருவதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், சில நாளில் வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

நாட்டுக்கு நாடு வழி வேறு

துபாய் உட்பட அமீரகத்தில் விசா யார் பெயரில் எடுத்ததோ அவர் வழியாகத்தான் நீட்டிக்க முடியும். டிராவல் ஏஜென்சி எடுத்த விசா என்றால் அதே ஏஜென்சி, சொந்தக்காரர் ஸ்பான்சர் என்றால் அவர். வேறு ஏஜென்சி மலிவாகச் சொல்கிறது என்று போனால் நடக்காது. நாட்டை விட்டு வெளியே போகாமலேயே நீட்டித்துக்கொள்ளலாம். தேதி தாண்டிவிட்டால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம், 20 நாளில் 1,000 திர்ஹாம். இதோடு இன்னொன்றும் உண்டு. நீங்கள் கிளம்பாமல் இருந்தால் ஏஜென்சிக்கும் சிக்கல் என்பதால் உங்களைத் தலைமறைவு என்று புகார் கொடுத்துவிடுவார்கள். அதை நீக்க அவர்கள் கேட்பதைக் கொடுக்க வேண்டியதாகிவிடும். எனவே நாள் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ஏஜென்சிக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, நீட்டிக்கிறேன் அல்லது இந்தத் தேதியில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நீட்டித்துவிட்டோம் என்று அவர்கள் ஒரு தாள் அனுப்பினால் அதோடு விட்டுவிட வேண்டாம். துபாய் விசா என்றால் துபாய் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில், மற்ற எமிரேட் என்றால் ஐசிபி என்னும் அமீரகக் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில், புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சிங்கப்பூரில் நீட்டிப்பு முழுக்க ஐசிஏ இணையதளத்தில்தான். உங்களுக்காகப் பொறுப்பேற்கும் உறவினர் தன் சிங்பாஸ் கணக்கில், அதாவது அங்கத்திய அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கில், விண்ணப்பிப்பது சுலபம். ஏன் இன்னும் தங்க வேண்டும் என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். மகளுக்குப் பிரசவம் தள்ளிப்போகிறது என்றால் மருத்துவமனைக் கடிதம், உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் கடிதம், புதுத் தேதியில் ரிட்டர்ன் டிக்கெட். கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மறுக்கவும் செய்வார்கள். மறுத்தால் கிளம்ப நாள் வேண்டுமே, அதனால் குறைந்தது ஒரு வாரம் முன்னால் விண்ணப்பியுங்கள். பிள்ளையோ பெண்ணோ அங்கே வேலை பாஸில் இருந்து, மாதச் சம்பளம் 12,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் இருந்தால், பெற்றோருக்கு நீண்டகால வருகை பாஸ் கேட்கலாம். அந்தத் தகுதி இருந்தால் மாதாமாதம் நீட்டிப்பு கேட்டுக்கொண்டிருப்பதை விட இது நல்லது.

சிங்கப்பூரில் நாள் தாண்டினால் விளையாட்டில்லை. 90 நாளுக்கு மேல் தாண்டினால் 6 மாதம் வரை சிறை, ஆண்களுக்குக் குறைந்தது 3 பிரம்படி. அதற்குக் குறைவாக இருந்தாலும் 4,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, சட்டத்தில் இருப்பது இதுதான்.

மலேசியாவில் விசா இல்லாமல் போனவருக்குச் சாதாரணக் காரணத்துக்கெல்லாம் நீட்டிப்பு கிடைப்பது கடினம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், விபத்து, விமானம் ரத்து போன்ற காரணங்களோடு இமிக்ரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய், ஐ.எம்.55 என்ற விண்ணப்பத்தோடு ஆதாரங்களையும் டிக்கெட்டையும் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் இன்னும் பத்து நாள் இருக்க ஆசை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அப்புறம், தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ ஒரு நாள் போய்விட்டு வந்து புதிதாக 30 நாள் வாங்கும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். காசு இல்லாதவர் அதைச் செய்யவே கூடாது. திரும்பும்போது உள்ளே விடாமல் அப்படியே திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்போது கையில் காசும் இருக்காது, பெட்டி கோலாலம்பூரில் இருக்கும், நீங்கள் எல்லையில் நிற்பீர்கள். மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், 5 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

ஊரிலிருந்து பணம் எப்படி வரவழைப்பது

நம் பக்கத்தில் வீட்டில் பணம் புழங்குவதற்கு ஒரு காலம் இருக்கிறது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, கணக்கில் பணம் ஏறும் தை, மாசியில் கேட்டால் கிடைக்கும். மேட்டூர் திறந்து குறுவைக்கு உழவும் விதையும் உரமும் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆனி, ஆடியில் கேட்டால் வீட்டில் இருப்பதே நகை ஒன்றுதான். வெளிநாடு போகும் மாதத்தை முடிவு செய்யும்போதே இதை யோசித்துக்கொள்வது நல்லது. இப்போது அவசரம் என்றால், நகையைத் தனியார் அடகுக் கடைக்கோ மீட்டர் வட்டிக்காரரிடமோ கொண்டுபோவதற்கு முன் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் வட்டியில் பெரிய வித்தியாசம் இருக்கும். பத்து நாள் முன்பே கணக்குப் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

பணம் புரட்டியாகிவிட்டது, அனுப்புவது எப்படி? கும்பகோணத்தில் வெஸ்டர்ன் யூனியன் போர்டு தொங்கும் கடையில் போய்க் கட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வெளிநாட்டுப் பணத்தை வாங்கத்தான் முடியும், இங்கிருந்து அனுப்ப முடியாது. அனுப்புவதென்றால் வங்கிக்குப் போய், பான் அட்டையோடு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பி, வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பராமரிப்புக்கு என்று காரணம் சொல்லி அனுப்ப வேண்டும். கிராமத்துக் கிளையில் இதைச் செய்து பழக்கம் இருக்காது, பெரிய கிளைக்கு அனுப்புவார்கள், இரண்டு மூன்று நாள் ஆகும். சிங்கப்பூருக்கு மட்டும் ஒரு சுலப வழி உண்டு. 2023 பிப்ரவரி முதல் நம் யுபிஐ, அங்கத்திய உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ்வோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தியன் வங்கி, ஐஓபி, ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ ஆகியவற்றில் கணக்கு இருந்தால் அந்தந்த வங்கியின் செயலியிலிருந்து நாளுக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். நம் பக்கம் பாதிப் பேருக்கு ஐஓபியிலோ இந்தியன் வங்கியிலோதானே கணக்கு. விசிட்டில் போனவருக்கு அங்கே கணக்கு இருக்காது என்பதால் மகள் அல்லது மருமகன் எண்ணுக்குப் போட்டால் போதும்.

இதையெல்லாம் விடச் சிக்கனமான வழி, பணத்தை அனுப்பாமலே விடுவது. டிக்கெட்டை ஊரிலிருந்தே ரூபாயில் எடுத்து பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்களுக்கு நம்பிக்கையும் இருக்கும், மாற்று விகிதத்தில் நஷ்டமும் இல்லை. உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம், அனுப்புகிறேன், பத்து நிமிடத்தில் கையில் கிடைக்கும் என்று சொல்பவர் எல்லா ஊரிலும் இருப்பார். அது சட்டவிரோதம், இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சட்டப்படியும் குற்றம், ஏமாந்தால் புகார் கொடுக்கக்கூட இடமில்லை.

காசு இல்லாத நாளில் சாப்பாட்டுக்குக் கூச்சப்பட வேண்டாம். துபாய் ஜெபல் அலியில் உள்ள குருத்வாராவில் எந்த மதத்தவர் போனாலும் சாப்பாடு போடுகிறார்கள். பள்ளிவாசல், கோயில், நம் ஊர் ஜமாஅத் ஆட்களின் சங்கம் என்று கேட்டால் கை கொடுப்பவர்கள் உண்டு. பல வருஷம் சபர் செய்தவர்களிடம் (வெளிநாட்டில் இருந்தவர்களிடம்) நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர்களில் பலரும் இதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

இரண்டை மட்டும் செய்யாதீர்கள்

விசிட் விசாவில் வேலை செய்யாதீர்கள். செலவுக்குக் காசு வேண்டுமே என்று ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போவது எனக்குப் புரிகிறது, அந்த நிலைமையில் யாருக்கும் தோன்றும். ஆனால் சிங்கப்பூரில் பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. அமீரகத்தில் முறையான அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹாம் முதல் பத்து லட்சம் வரை அபராதம் என்று 2024இல் சட்டம் திருத்தினார்கள். அதனால் ஒரு மாதம் வேலை பார், அப்புறம் விசா மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர் சம்பளம் தராமல் விட்டாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது. வேலை உறுதியானால் முதலில் பெர்மிட், ஸ்டேட்டஸ் மாற்றம் (விசிட் விசாவை வேலை விசாவாக மாற்றுவது), அதற்குப் பிறகு வேலை.

இரண்டாவது, பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். நீட்டிப்புக்கு என்று ஏஜென்ட் வாங்கிக்கொண்டு, பாக்கியைக் கட்டினால்தான் தருவேன் என்று பிடித்துவைக்கும் கதை ரொம்பப் பழையது. அவருக்குத் தேவை நகல்தான்.

தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டால்

ஒளிந்துகொள்ள வேண்டாம். தாண்டிய நாள் குறைவாக இருக்கும்போது தானாகப் போய் நிற்பவரையும், ரெய்டில் பிடிபட்டவரையும் எந்த நாட்டிலும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பொது மன்னிப்பு வரும், அதுவரை இருக்கலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகத்தில் வந்தது, அதே 2024இல் மார்ச் முதல் டிசம்பர் வரை மலேசியாவிலும் தாயகம் திரும்பும் திட்டம் இருந்தது. ஆனால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அதை நம்பி ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

முதலில் அந்த நாட்டு இணையதளத்திலோ, துபாய் என்றால் விசாச் சேவைகளுக்கான ஆமர் மையத்திலோ போய் அபராதம் எவ்வளவு ஏறியிருக்கிறது, தலைமறைவுப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அபராதத்தை முடித்துவிட்டு அப்புறம் டிக்கெட்.

கட்டவே வழியில்லை என்றால் இந்தியத் தூதரகம். எல்லா இந்தியத் தூதரகத்திலும் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, 2009இல் தொடங்கியது. நிர்க்கதியாக நிற்பவருக்குத் தங்க இடம், சாப்பாடு, அவசர மருத்துவம், ஊருக்கு டிக்கெட் ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவலாம். தன் தப்பு இல்லாமல் மாட்டிக்கொண்டவர் என்று தெரிந்தால் சிறிய அபராதங்களுக்கும் உதவ இடமுண்டு. எல்லாருக்கும் கேட்டதும் கிடைக்காது, நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் போகும்போது வெறும் வாயால் சொல்லாமல் பாஸ்போர்ட் நகல், விசாத் தாள், ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்த ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். துபாயில் இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி மையத்தின் இலவச எண் 80046342. பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

இதே நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் புகார் பதிய வேண்டும். பக்கத்து இ-சேவை மையத்திலோ கல்லூரி படிக்கும் பிள்ளையிடமோ கொடுத்தால் அரை மணி நேர வேலை. பதிவு எண்ணைக் குறித்து, தூதரகத்தில் நிற்பவருக்கு அனுப்பிவிடுங்கள், அந்த எண்ணைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு போடுங்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகலைக் கொடுங்கள்.

அபராதம் கட்டினால் ரசீதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், அசலைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அடுத்த முறை விசா கேட்கும்போது பழைய பாக்கி நிற்பதாகக் கணினியில் காட்டினால் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். வெளியேறும்போது மறுபடி வரத் தடை ஏதாவது போட்டிருக்கிறார்களா, எத்தனை வருடத்துக்கு என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அது தெரியாமல் ஊருக்கு வந்து அடுத்த ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.